பூக்கவிடாத வரிசை

ஓஸ்மண்ட் கெரிபெல் தன் பெண்டாட்டி போர்த்தியிருந்த கம்பளியை உருவிக்கொண்டு போய்ப் பூச்செடிக்குப் போர்த்தினான் என்று, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடக்கிற எங்கள் கேர்ன்சி தீவில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. போருக்கு முன்னால், அவன் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் பூக்கட்டுகிற வேலை பார்த்தவள் நான். அந்தக் காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவளும் நான்தான். கம்பளியை எடுத்தது உண்மை. அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் யாரும் சொல்வதில்லை.

ஓஸ் என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவோம். நெட்டையான ஆள், எந்நேரமும் தாழ்ந்த கூரைக்குக் குனிகிற மாதிரியே நடப்பான். தக்காளிதான் எங்கள் தீவுக்குச் சோறு போட்டது. அவனும் கோடையில் தக்காளி போட்டான். ஆனால் அவன் மனசு முழுக்க ஃப்ரீசியாப் பூவில் இருந்தது. ஆகஸ்ட் முடிவில் கிழங்கை ஊன்றினால், ஊரே குளிரில் முடங்கிக் கிடக்கிற ஜனவரியில் பூ வரும். மெல்லிய தண்டு, நுனியில் சட்டென்று படுக்கையாக மடங்கி, அதன் மேல் சீப்புப் பல் மாதிரி மொட்டுகள். முதல் மொட்டு வாய் திறந்ததும் வெட்டிவிட வேண்டும். வெட்டி, கட்டி, பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினால் மறுநாள் லண்டன் சந்தையில் இருக்கும். அந்த வாசம் என் கையில் மார்ச் மாதம் வரைக்கும் போகாது.

விற்கிற பூ போக, ஓரத்தில் ஒரு பாத்தி வைத்திருந்தான். சிறு தூரிகையால் ஒரு பூவின் பொடியை இன்னொரு பூவில் தடவி, விதை எடுத்து, முளைக்கப் போட்டு, பூக்க வைத்துப் பார்ப்பான். பிடிக்கவில்லை என்றால் பிடுங்கி எறிவான். வருஷக்கணக்காக எல்லாவற்றையும் எறிந்துகொண்டிருந்தான். 1940 வசந்தத்தில் ஒரே ஒரு செடியை எறியவில்லை. அதன் பூவை நானும் பார்த்தேன். சாம்பல் கலந்த நீலம், தொண்டைக்குள் மட்டும் வெண்ணெய் மஞ்சள். ஃப்ரீசியாவில் அப்படி ஒரு நிறத்தை யாரும் பார்த்ததில்லை. அவன் மனைவி ஹில்டா எட்டிப் பார்த்துவிட்டு, "மழை வரப்போற வானம் மாதிரி இருக்கு" என்றாள். அவர்கள் மகள் முரியலுக்கு அப்போது ஆறு வயசு. அது மூக்கை உள்ளே விட்டுத் தும்மியது.

ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பலாம், பள்ளிக்கூடத்தோடு கப்பல் போகிறது, ராத்திரிக்குள் பெயர் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். கைக்குழந்தைக்காரிகளும், துணைக்கு வருகிற தாய்மார்களும் போகலாம். ஆம்பிளைகளுக்கும் அடுத்தடுத்த கப்பல்களில் இடம் இருந்தது.

"மூணு பேருமே போயிடலாம் ஓஸ்" என்றாள் ஹில்டா. "பிள்ளையைத் தனியா அனுப்பினா யார் வீட்ல கொண்டுபோய் விடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்."

"போலாம். ஆனா இலை இன்னும் பச்சையா நிக்குது. இப்பத் தோண்டினா கிழங்கு பிஞ்சு, அழுகிப்போகும். ரெண்டு வாரம் பொறு. மஞ்சளானதும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம்."

"ஜெர்மன்காரன் உன் இலை மஞ்சளாகுற வரைக்கும் காத்திருப்பானா?"

"இந்தப் பொட்டு நிலத்துல அவனுக்கு என்ன இருக்கு? வரமாட்டான்."

இதை ஹில்டாவே என்னிடம் சொன்னாள். துறைமுகத்துக்கு நானும் அவளோடு போயிருந்தேன். முரியலின் கழுத்தில் பெயரட்டையைக் கட்டி, ஏணிப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நின்ற ஆசிரியை, "நீங்களும் ஏறுங்கம்மா, துணைக்கு ஆள் பத்தல" என்றார். ஹில்டா ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள். திரும்பி வரும்போது, "அவனைத் தனியா விட்டா சாப்பிட மறந்தே செத்துப்போவான் ஏமி. ரெண்டு வாரந்தானே" என்றாள்.

அந்த இரண்டு வாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் வரிசையாக நின்ற தக்காளி லாரிகள் மேல் குண்டு விழுந்தது. இரண்டு நாளில் ஜெர்மன்காரன் வந்து இறங்கினான். ஐந்து வருஷம் போகவில்லை.

பூவெல்லாம் கூடாது, கண்ணாடிக்குக் கீழே உணவுதான் விளைய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரில் எல்லாரும் கூடை கூடையாகப் பூங்கிழங்குகளைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஓஸும் கொட்டினான். அந்த ஒரு செடியின் கிழங்கையும், அதன் இடுப்பில் ஒட்டியிருந்த குஞ்சுக் கிழங்குகளையும் மட்டும் ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டான்.

ஃப்ரீசியாக் கிழங்கை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவைத்துப் போர் முடிந்ததும் எடுத்துக்கொள்ள முடியாது. வருஷா வருஷம் மண்ணுக்குப் போக வேண்டும். பழைய கிழங்கு செத்து, அதன் தலைமேல் புதுசு கட்ட வேண்டும். கோடை முழுக்க வெம்மையில் கிடந்தால்தான் மறுபடி விழிக்கும். ஒரு வருஷம் தவறினால் எல்லாம் போச்சு. அதனால் பின்கட்டுக் கண்ணாடி வீட்டில், கொடி அவரைக்கு நடுவே, வெளியே தெரியாதபடி ஒரு வரிசை நட்டான். இலையைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், புல் மாதிரி இருக்கும். ஆனால் பூத்தால் வாசம் சந்து வரைக்கும் வரும்.

எனவே பூக்க விடவில்லை. தண்டு மடங்கி மொட்டு அரிசி அளவுக்கு வந்ததும் நகத்தால் கிள்ளிவிடுவான். டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் தினமும் காலையில் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அதுதான் வேலை.

"பூக்காத பூ வளர்க்கிறவன் உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்" என்பாள் ஹில்டா.

"கிள்ளினா கிழங்கு பெருக்கும்."

"பெருத்து? வறுத்துத் தின்னவா?"

முதல் வருஷம் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். முரியலிடமிருந்து செஞ்சிலுவை வழியாக இரண்டு வரிச் சேதி வரும், எழுதி அரை வருஷம் கழித்து. நலம், நலமா, பல் முளைத்துவிட்டது. ஹில்டா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்தது வரும்வரை இருப்பாள். நாள் போகப் போக அவள் கண்ணாடி வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

நான்காவது குளிர்காலத்தில் ஒரு மொட்டு ஓஸின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் பயிர் பார்க்க வந்தான் கிளாரன்ஸ் மாகி. எங்கள் ஊர்க்காரன்தான், யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து ஜெர்மன் அதிகாரிகளிடம் சொல்வது அவன் வேலை. நான் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவன் அப்படியே நின்று மூச்சை இழுத்தான்.

"ஓஸ், அவரைக்காய்க்கு எப்பலேர்ந்து இப்படி வாசம் வருது?"

கிளாரன்ஸ் கொடிகளை விலக்கிக்கொண்டு போய் அதைக் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் ஒரு காலத்தில் பூ வளர்த்தவன்.

"அடப்பாவி" என்றான் மெதுவாக. "எங்கேருந்து பிடிச்ச இந்த நிறத்தை?"

"நானே எடுத்தது."

"என் பிள்ளைகுட்டி என்னை நம்பியிருக்கு ஓஸ். என்கூட ஜெர்மன்காரன் ஒருத்தன் வந்திருந்தா உன்னையும் ஜெயில்ல ஏத்திருப்பான், என்னையும் ஏத்திருப்பான். பிடுங்கிப் போட்டுடு. அடுத்த தடவை வரும்போது இது இங்க இருக்கக் கூடாது."

போகும்போது பூவைக் கிள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுப் போனான். சட்டைப் பையில் வைத்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. அடுத்த தடவை வந்தபோது பின்கட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்க்கவே இல்லை.

1944 கோடையில் எதிர்க்கரையில் பிரான்சில் நேசப்படைகள் இறங்கின. பீரங்கிச் சத்தம் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச மாவும் நின்றது. ஜெர்மன்காரனுக்கே சோறில்லை, ராத்திரியில் வந்து எங்கள் முள்ளங்கியைத் திருடிக்கொண்டு போனான். நாங்கள் உருளைத் தோலை அரைத்து அடை சுட்டோம், முள்செடி இலையைக் காயவைத்துத் தேநீர் போட்டோம், பாறையில் நத்தை சுரண்டப் போனால் கண்ணிவெடிக்குப் பயந்து பாதியில் திரும்பினோம்.

ஹில்டாவுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். இருமல் விடவே இல்லை. ஆகஸ்டில் அவள் ஓஸிடம் கேட்டாள்.

"அந்த நடு வரிசையில இந்தத் தடவை உருளை போடு. எனக்காக வேணாம். உனக்காகவாவது போடு."

"சரி, போடுறேன்" என்றான்.

போடவில்லை. ஒரு கிழங்கில் ஆரம்பித்தது அப்போது ஒரு பெரிய கூடை நிறையப் பெருகியிருந்தது. செப்டம்பரில் அவள் தடி ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். நடு வரிசையில் புல் மாதிரி மெல்லிய இலைகள் முளைத்திருந்தன. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து படுத்தாள். சத்தம் போட்டிருக்கலாம். சத்தம் போடுகிற தெம்பு அவளிடம் இல்லை என்று அப்போது நினைத்தேன். தெம்பில்லாததால் அல்ல, இனி அவனிடம் கேட்க ஒன்றுமில்லை என்று முடிவெடுத்துவிட்டாள் என்று பின்னால்தான் புரிந்தது.

ஜனவரி கடைசியில் பனி கொட்டியது. எங்கள் தீவில் பனி விழுவதே அபூர்வம். ஃப்ரீசியா இங்கே வளர்வதே அதனால்தான். நிலக்கரி இல்லை, எரிவாயு நின்று வாரங்கள் ஆகியிருந்தன, விறகு கிடையாது. அன்று சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மேகமில்லாத வானம் என்றால் உறைபனி. ஓஸ் தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்ததை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் அந்தக் குளிர்காலத்தில் கப்பலில் வந்த செஞ்சிலுவைப் பொட்டலத்தில் மிஞ்சியிருந்த பால்மாவைக் கொஞ்சம் கரைத்து ஹில்டாவுக்குக் கொண்டுபோனேன். அவள் சுவர்ப்பக்கம் சுருண்டு கிடந்தாள். மேலே ஒரு பழைய மழைக்கோட்டும் ஒரு மெல்லிய கம்பளியும்தான். தடித்த கம்பளியைக் காணோம், மெத்தைவிரிப்பைக் காணோம். முரியலின் சின்னக் கட்டிலில் மெத்தையே இல்லை. ஹில்டாவின் உதடு நீலமாக இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள். திறந்த கண் என்னைப் பார்க்கவில்லை.

நான் கண்ணாடி வீட்டுக்கு ஓடினேன். நடு வரிசை முழுக்க வீட்டுத் துணி. மெத்தை, விரிப்பு, திரைச்சீலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுகிற அவன் கறுப்புக் கோட்டு. நடுவில் அந்தத் தடித்த கம்பளி. ஓஸ் அதன் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டு இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பிச்சிடுச்சு ஏமி" என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அந்தக் கம்பளி யாருது ஓஸ்?"

"ராத்திரிக்கு மட்டுந்தான். அவ தூங்கிட்டிருந்தா. ஒண்ணை அவ மேலயே விட்டுட்டேன். இப்பக் கொண்டுபோய்ப் போட்டுடுறேன்."

"அவ உதடு நீலமாயிருக்கு. கூப்பிட்டா தெரியல."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கை இன்னும் கம்பளிக்கு உள்ளேயே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியாது. ஒரு மூச்சு நேரந்தான் இருக்கும். அவனை அடிக்க வேண்டும் என்று எனக்குக் கை வந்தது. அப்புறம் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினான். திரைச்சீலையில் சிக்கிப் பாதி இலைகள் மண்ணோடு பிய்ந்து வந்தன.

போர்த்தினால் மட்டும் போதாது, அறை சூடாக வேண்டும் என்றேன். எரிக்க வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலிகள் போன மாதமே போய்விட்டன. அவன் கோடரியை எடுத்துக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குத் திரும்பினான். கிழங்கு காயவைக்கிற மரத்தட்டுகளை முதலில் உடைத்தான். அப்புறம் தொட்டி வைக்கிற பலகைகள், கதவு, கதவு நிலை. மத்தியானத்துக்குள் அதெல்லாம் எரிந்து முடிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. என்கிட்ட மருந்து இல்லை. சூடு விடாதீங்க, தண்ணியாவாவது ஏதாவது உள்ள போகட்டும்" என்று சொல்லிப் போனார்.

ஓஸ் கூரையில் ஏறினான். விட்டங்களை அறுக்க அறுக்கக் கண்ணாடி மொத்தமாகக் கீழே விழுந்தது. அவன் அப்பாவும் அவனும் சேர்ந்து கட்டிய கூரை அது. உத்தரவில்லாமல் உடைக்கக் கூடாது என்ற சட்டமும் இருந்தது. சத்தம் கேட்டுத் தெருவில் போன ஜெர்மன் சிப்பாய் ஒருவன் நின்று பார்த்தான். ஒட்டிய கன்னம், சாக்குத்துணி சுற்றிய கால். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே கிடந்த ஒரு கட்டையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் குளிர் சில நாள் நீடித்தது. அவ்வளவு நாளும் ஹில்டாவின் அறையில் நெருப்பு அணையவில்லை, வீட்டின் உள்கதவுகளும் அதில் போயின. வாசலில்லாத, கூரையில்லாத பின்கட்டில் ஃப்ரீசியா வரிசை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. மறுநாள் காலையே இலைகள் வெந்த கீரை மாதிரித் துவண்டுவிட்டன.

இரண்டாம் நாள் ஓஸ் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக் கிழங்குகளைத் தோண்டினான். மீட்டுவைக்கத்தான் தோண்டுகிறான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் சமையலறையில் உட்கார்ந்து மேல்நாரை உரித்துக்கொண்டிருந்தான். பழைய கிழங்குகள் சூம்பிப்போயிருந்தன, புதுசு பட்டாணி அளவுதான். உரித்ததையெல்லாம் பாதி டர்னிப் கிழங்கோடு சட்டியில் போட்டான்.

"இது விஷமா, இல்லையா?" என்றேன்.

"எலி தின்னும். எலி செத்து நான் பார்த்ததில்லை. முதல்ல நான் தின்னு பார்க்கிறேன்."

தின்றான். நானும் ஒரு கரண்டி தின்றேன். மண்ணும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு சுவை. மாவுச்சத்து கொஞ்சம் நாக்கில் ஒட்டியது. மாலைவரை எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அவன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அவளிடம் போனான். தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினான். அவள் விழுங்கினாள்.

"என்ன இது?" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"டர்னிப்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். சட்டி காலியாகும்வரை இரண்டு வேளையும் அதுதான். ஒரு கிழங்கைக்கூட அவன் எடுத்துவைக்கவில்லை. நான் அந்தத் தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன், காலி.

ஹில்டா பிழைத்துக்கொண்டாள். நெருப்பால் பிழைத்தாளா, அந்தக் கஞ்சியாலா, அவளுடைய பிடிவாதத்தாலா என்று எனக்குத் தெரியாது. மார்ச்சில் எழுந்து நடந்தாள். மே மாதம் எங்கள் படை வந்தது, ஊரே துறைமுகத்தில் ஆடியது. அவர்கள் இருவரும் ஆட வரவில்லை.

ஆகஸ்டில் முரியல் வந்தாள். ஆறு வயசில் போனவளுக்குப் பதினொரு வயசு. எங்கள் தீவுப் பாஷை அவளுக்கு மறந்துவிட்டது. பேசியதெல்லாம் இங்கிலாந்தின் ஏதோ ஆலை ஊர் ஆங்கிலம். கப்பலிலிருந்து இறங்கி ஹில்டாவின் கையைக் குலுக்கினாள். வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல கதவெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். முதல் வாரம் முழுக்க, அங்கே தன்னை வளர்த்தவளின் பெயரைச் சொல்லித் தலையணையில் அழுதாள். ஹில்டா அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருப்பாள். உள்ளே போகமாட்டாள். ஓஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான்.

கூரையை மறுபடி போடக் கிளாரன்ஸ்தான் மரம் தேடிக் கொடுத்தான். "இங்கிலாந்துலேர்ந்து கிழங்கு வருது. உனக்கும் சொல்லி வைக்கவா?" என்று கேட்டான். ஓஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தீவில் மற்றவர்களெல்லாம் ஃப்ரீசியாவுக்குத் திரும்பினார்கள். நானும் வேறு இடத்தில் பூக்கட்டப் போனேன். ஓஸ் தக்காளி மட்டும் போட்டான். ஜனவரியில் அவன் கண்ணாடி வீடு காலியாகக் கிடக்கும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் அவர்கள் வீட்டு முற்றத்தில் நானும் ஹில்டாவும் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். முரியல் அதற்குள் மறுபடி இங்கிலாந்துக்கே வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு வெகு நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"அவனை மன்னிச்சுட்டியா?"

ஹில்டா கையை நிறுத்தவில்லை. "எதுக்கு? கம்பளிக்கா?"

"கம்பளிக்கு."

"கம்பளிக்கு எப்பவோ. அன்னைக்கு அவன் கூரையை வெட்டினப்பவே." ஒரு காயை எடுத்து இரண்டாகப் பிளந்தாள். "அந்த ரெண்டு வாரம் இருக்கு பாரு ஏமி. இலை மஞ்சளாகட்டும்னான் பாரு. அதுக்கு அவன் வாயைத் திறந்து மன்னிப்பு கேட்டா, மன்னிச்சேன்னு சொல்லிடுவேன். இன்னும் கேக்கல."

உள்ளேயிருந்து ஓஸ், தக்காளிக் கொடி கட்டுகிற நூல் எங்கே என்று குரல் கொடுத்தான். அவள் மடியைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.